சிவப்புக் கோடு

படம் பார்ப்பதில் எனக்குச் சிறு வயது முதலே ஒரு பலவீனம். மளிகைக் கடைக் காலண்டரானாலும் சரி, பல் டாக்டர் வீட்டுச் சுவரில் இளிக்கும் பல் வரிசையானாலும் சரி, நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். ஆகையால், செங்கற்பட்டில் கல்லூரியில் படிக்கும் என் பேரன், "விஞ்ஞானப் படங்களாகவே ஒரு கண்காட்சி வைக்கிறோம், தாத்தா. ஒட்டுவதற்கு ஒத்தாசைக்கு வருகிறீர்களா?" என்று கேட்டபோது, பசை டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் நான் புறப்பட்டுவிட்டேன்.

எல்லாம் சர்க்கார் பணத்தில் நடந்த ஆராய்ச்சிகளின் படங்கள். அறிக்கைகளிலிருந்து எடுத்துப் பெரிதாக அச்சடித்திருந்தான். அவற்றில் பாதி நம் மாமல்லபுரத்துக் கடலையும் கரையையும் பற்றியவை. கடல் என்றதும் எனக்குப் பெரியவர் ஞாபகம் வந்தது.

பெரியவர் மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்துக்காரர். பதினைந்து வருஷங்களுக்கு முன், ஒரு நாவலுக்காகக் கடல் சமாசாரங்கள் கேட்டுக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணையில் பல நாள் உட்கார்ந்திருக்கிறேன். காற்று, ஓட்டம், மீன், வலை என்று கேட்டதற்கெல்லாம் சலிக்காமல் சொல்வார். கண்காட்சியன்று திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். "கடல்ல இருந்து பார்த்தா அந்த மலைதான் சார் எங்களுக்கு அடையாளம். பஸ்ஸுல இருந்து பார்த்தா வேற மலை மாதிரி கீது" என்றார்.

முதல் படத்தின் முன் நின்றோம். பழுப்பு நிறத்தில் ஒரே தீற்றல். நடுவே சில கறுப்பு நிழல்கள்.

"இன்னா சார் இது? கோலம் போட்டு மழையில நனையவிட்ட மாதிரி கீது!"

அது ஒலியால் எழுதிய படம். படகின் பின்னால் கயிற்றில் ஒரு கருவியைக் கட்டி இழுத்துப் போகிறார்கள். அது இரண்டு பக்கமும் ஒலியை வீசுகிறது. பாறையில் பட்ட ஒலி பலமாகத் திரும்பும். சேற்றில் பட்டது சோர்ந்து திரும்பும். பாறைக்கு மறைவில் ஒலி எட்டாத இடம் நிழலாக விழும். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாததை இப்படிக் காதால் கேட்டுக் காகிதத்தில் இறக்குகிறார்கள்.

ஏழு கோயில்களில் ஆறு கடலுக்குள் போய்விட்டன என்ற கதை நம் எல்லோருக்கும் தெரியும். சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர், அலைக்கு நடுவே கோபுர உச்சிகள் மின்னியதாக ஊர் முதியவர்கள் சொன்னதை எழுதி, அது 1788-ல் அச்சேறியது. 2002-ல் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் ஆய்வு நிறுவனத்தார், இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு குழுவுடன் சேர்ந்து இங்கே மூழ்கிப் பார்த்தார்கள். கரையிலிருந்து ஐந்நூறு, எழுநூறு மீட்டர் தூரத்தில், ஐந்திலிருந்து எட்டு மீட்டர் ஆழத்தில், சுவர்களும் படிகளும் சதுரித்த கற்களும் கிடப்பதாகச் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்து மணலை வாரிக்கொண்டு போனபின், கரையிலேயே செதுக்கிய பாறைகள் வெளிப்பட்டன. மறு வருஷம் தொல்லியல் துறையார் கடற்படையின் துணையோடு கடலடியை ஆராய்ந்தார்கள். அதே வருஷம் சாளுவன்குப்பத்தில், சுனாமி வெளிக்காட்டிய கல்வெட்டின் தடத்தைப் பிடித்துக்கொண்டு போய், மணலடியில் பழைய செங்கல் முருகன் கோயில் ஒன்றையும் கண்டுபிடித்தார்கள்.

இதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். "அன்னிக்குத் தண்ணி உள்ளே வாங்கினப்போ கல்லு வரிசையாத் தெரிஞ்சுதுன்னு சொல்றாங்களே, நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"நான் எங்கே சார் பார்த்தேன்? நான் ஓடினேன்" என்றார் பெரியவர்.

பிறகு படத்தை நெருங்கி, "இதுல கரை எந்தப் பக்கம்?" என்று கேட்டார். பேரன் இடது பக்கத்தைக் காட்டினான். பெரியவர் தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, ஒரு நிழலின் மேல் விரலை வைத்தார். "அப்போ இது எங்க வலை கிழியிற பாறையா இருக்கலாம். இதுக்கு வடக்கால வலை போடமாட்டோம்."

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று. அத்தனை நேரம் அந்தப் படத்தின் முன் நின்றும், கரை எந்தப் பக்கம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த படம் செயற்கைக் கோள் எடுத்த கடல். நீலமும் பச்சையும் மஞ்சளும் குழைந்து கிடந்தது. நிறங்கள் மனிதன் கொடுத்தவை. கடல் நீரில் மிதக்கும் நுண்ணிய பாசிகளின் பச்சை எங்கே அதிகம், தண்ணீர் எங்கே குளிர்ச்சி என்பதைக் கோளிலுள்ள கருவிகள் அளந்து அனுப்புகின்றன. வெதுவெதுப்பும் குளிர்ச்சியும் கைகோக்கிற இடத்தில் இரை சேரும். இரை சேர்ந்த இடத்துக்கு மீன் வரும். ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தார் இந்தப் படத்தைப் பார்த்து, இன்ன கரையிலிருந்து இன்ன திசையில், இவ்வளவு தூரத்தில், இவ்வளவு ஆழத்தில் என்று மீனவர்களுக்குச் சேதி அனுப்புகிறார்கள். மேகம் மூடினால் சேதி இல்லை. ஏப்ரல் 15-லிருந்து அறுபத்தொரு நாள் தடைக் காலத்திலும் இல்லை.

"இந்தச் சேதி எனக்குத் தெரியும். பேரப் பையன் போன்ல வரும்" என்றார் பெரியவர். "ஆனா அதுக்குப் பின்னால இப்படி ஒரு படம் கீதுன்னு தெரியாது."

மூன்றாவது படத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அது கரையின் படம். நடுவே வெண்மணல், ஒரு பக்கம் கரும்பச்சைக் கடல், இரண்டுக்கும் இடையே நெளிந்து ஓடும் கோடுகள். மணல் சேர்ந்த இடம் பச்சை. கடல் அரித்த இடம் சிவப்பு. "ஆகா, என்ன அழகு!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

பெரியவர் கேட்டார்: "இதுல என் வீடு எங்கே சார் கீது?"

பேரன் தேடிக் காட்டினான். அது சிவப்பில் இருந்தது.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆய்வு மையத்தார் 1990 முதல் 2018 வரை எடுத்த செயற்கைக் கோள் படங்களை வைத்து நாட்டின் பெருநிலக் கரையைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். இந்தியக் கரையில் 33.6 சதவீதம் அரிக்கப்படுகிறது, தமிழ்நாட்டில் 42.7 சதவீதம். இந்த எண்களைப் பேரன் படத்தின் கீழே அழகாக எழுதி ஒட்டியிருந்தான். நானும் படித்திருந்தேன். ஆனால், சதவீதத்துக்குத் திண்ணை உண்டு, அந்தத் திண்ணையில் நான் மோர் வாங்கிக் குடித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"எங்க அப்பா காலத்துல எங்களுக்கு முன்னால இன்னும் மூணு வரிசை வீடு இருந்தது" என்றார் பெரியவர். தெற்கேயிருந்து வடக்கே ஓடும் ஓட்டத்துக்கு அவர் ஊரில் தெண்டி என்று பெயர். வருஷத்தில் பெரும்பகுதி மணல் அந்தப் போக்கில்தான் நகர்கிறது. வழியில் கல்லைக் கொட்டித் தடுத்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே பள்ளம் விழும். சென்னையில் துறைமுகம் கட்டியபின் மெரீனா அகன்றதும், ராயபுரத்துப் பக்கம் கரை கரைந்ததும் இந்தக் கணக்கில்தான். விஞ்ஞானிகள் கோடு போட்டுச் சொன்னதை, பெரியவர் கையை அசைத்தே சொல்லிவிட்டார்.

"இதை எழுத யார் சார் காசு குடுத்தது?"

"நாமெல்லாம்தான். நீங்கள் வாங்குகிற வலை நூலின் வரியும் அதில் சேர்ந்திருக்கும்."

"அப்போ படம் ஏன் எங்க கரைக்கு வரல?"

யாரும் ஒளித்து வைக்கவில்லை. கேட்டவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று பேரன் விளக்கினான். அது உண்மைதான். கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு வீடு இருப்பதே தெரியாதவனுக்கு, கதவு திறந்திருந்தால் என்ன, சாத்தியிருந்தால் என்ன? மீன் படம் சேதியாக மாறிக் குப்பத்துக்குப் போய்ச் சேர்கிறது. கரைப் படத்துக்கு ஏன் அந்தக் கால்கள் முளைக்கவில்லை?

பேரன் என் காதருகில் வந்து, "இதைப் பார்த்தால் அவர்கள் பயந்துவிட மாட்டார்களா, தாத்தா?" என்றான். மெதுவாகத்தான் கேட்டான். ஆனால் கடலிரைச்சலில் பேச்சுக் கேட்டுப் பழகிய காது பெரியவருடையது.

"தினம் அலைக்கு முன்னால படுத்துத் தூங்குறவன் கோட்டைப் பார்த்தா பயப்படப் போறான், தம்பி? நாளைக்கு யாராவது இந்தப் படத்தைக் காட்டி, எழுந்து போன்னு சொல்லலாம். அப்போதான் நாங்க முதல் தடவை பார்க்கக்கூடாது."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விஞ்ஞானிகளைக் குறை சொல்ல நான் யார்? பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து நானும்தான் எழுதினேன். நாவல் அச்சாயிற்று, நாலு பேர் பாராட்டினார்கள், கடல் வர்ணனை பிரமாதம் என்றார்கள். அதில் ஒரு பிரதியை இருபது மைல் தூரத்திலிருந்த அவருக்கு நான் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாதே என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேரனும் நானும் கரைப் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனோம். வலை பின்னும் கொட்டகையில் கட்டினோம். ஐந்து நிமிஷத்தில் கூட்டம் கூடிவிட்டது. ஒரு கிழவி, கோயில் முன்பு எங்கே இருந்தது என்று கடல் பக்கமாக விரலை நகர்த்திக் காட்டினாள். இன்னொருத்தி, தான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது தண்ணீர் எடுத்த கிணறு இருந்த இடத்தைக் காட்டினாள். அதுவும் இப்போது கடல்தான். பையன்கள் கரித்துண்டால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி வைத்தார்கள். 1990-க்கு முந்திய கோடு அந்த அறிக்கையில் இல்லை. அன்று அது அந்தப் படத்தில் ஏறியது.

புறப்படும்போது, பையிலிருந்த நாவலை எடுத்துப் பெரியவரிடம் தயங்கித் தயங்கிக் கொடுத்தேன். "பேத்தி படிச்சுக் காட்டும்" என்று வாங்கிக்கொண்டார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அட்டையில் சைத்ரிகர் வரைந்த நீலக் கடலை வெகு நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுல கரை எந்தப் பக்கம் சார்?"