மே மாதத் தண்ணீர்

விக்டோரியா மகாராணி பிறந்தது 1819 மே 24இல். அந்த நினைவில் கனடாவில் மே 25க்கு முன்வரும் திங்கட்கிழமை விடுமுறை. ரொறன்ரோவில் இருக்கிற எங்களுக்கு அது தக்காளிக் கன்று நடுகிற நாள். இனி உறைபனி விழாது என்று ஒரு நம்பிக்கை. ஆறு மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த சனம் இறைச்சியும் அடுப்பும் பிள்ளைகளுமாக வடக்கே ஏரிப்பக்கம் வெளிக்கிட்டுவிடும்.

சில வருடங்களுக்கு முன் நாங்களும் மூன்று குடும்பமாக மஸ்கோகாப் பக்கம் ஒரு கொட்டேஜ் எடுத்தோம். நல்ல வெய்யில், 25 பாகை. அலை இல்லாத ஏரி. மச்சான் கடலோர ஊரான வல்வெட்டித்துறையில் பிறந்து வளர்ந்தவர், நடக்கப் பழகின காலத்திலேயே நீந்தவும் பழகினவர். லைஃப் ஜக்கெட்டைக் கனோவுக்குள் போட்டு, அதன்மேல் முழங்காலை ஊன்றிக்கொண்டு துடுப்பை எடுத்தார். “கடலுக்கே போடாதது, இந்தக் குளத்துக்கு என்னத்துக்கு?” என்றார். நூறு அடி போயிருப்பார், கனோ சரிந்தது.

அவர் கத்தவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. மூச்சு மட்டும் விக்கி விக்கி உள்ளே இழுபட்டது. கவிழ்ந்த கனோவில் தொங்கிக்கொண்டு கொஞ்ச நேரம், பிறகு கையை அடித்து அடித்துக் கரைக்கு வந்தார். கரையில் இருந்த ஏணியைப் பிடிக்க விரல்கள் மடங்கவில்லை. முழங்கையை ஏணிப்படிக்குள் கொளுவிக்கொண்டு நின்றவரை இரண்டு பேர் சட்டையில் பிடித்து மேலே இழுத்தோம். போர்வையால் சுற்றி இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தால் கோப்பை கையில் நிற்கவில்லை. தங்கச்சிதான் பருக்கினாள்.

வெய்யிலை நம்பி நாங்கள் தண்ணீரை மறந்துவிட்டோம். அந்த ஏரியில் ஐஸ் விலகியது ஏப்ரலில்தான். மே மாதத்தில் காற்று சூடாகிவிடும், ஆழமான ஏரி அவ்வளவு கெதியாகச் சூடாகாது. குளிர்நீரில் மனித உடல் படும் பாட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் மனிடோபாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட். அவர் சொல்லும் கணக்கு 1-10-1. மூச்சை வசத்துக்குக் கொண்டுவர 1 நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது ஏறத்தாழ 10 நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி. ஆனால், முதல் நிமிடத்து விக்கலில் தலை தண்ணீருக்குள் போனால் மீதிக் கணக்குக்கு இடமே இல்லை. அந்த நிமிடத்தில் தலையை மேலே வைத்திருக்க நம்பக்கூடியது ஜக்கெட்தான். தண்ணீருக்குள் விழுந்த பிறகு அதைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்ளலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வல்வெட்டித்துறை என்றால் ஆழிக்குமரன் ஆனந்தன் நினைவுக்கு வருவார். 1971இல் பாக்குநீரிணையைப் போகவர நீந்திக் கடந்த மனிதர். 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர்விட்டார். அவரை நினைத்து நெஞ்சு நிமிர்கிற நாங்கள், ஊர்க்கடல் தந்த துணிவை இந்த ஏரிகளுக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது.

அன்று இரவு இன்னொன்றும் நடக்க இருந்தது. பொடியன்கள் வெளியே கூடாரம் அடித்திருந்தார்கள். குளிர் இறங்க, கோழி வாட்டிய கரி அடுப்பை உள்ளே இழுத்தார்கள். நெருப்பு அணைந்ததுபோல் தெரிந்தாலும் தணல் கார்பன் மொனொக்சைட்டை விட்டபடியே இருக்கும். நிறமில்லை, மணமில்லை, நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும். பகல் பட்ட பயத்தில் தங்கச்சி அடிக்கடி எட்டிப் பார்த்ததால் கண்டுபிடித்தோம்.

மச்சான் இப்போதும் ஒவ்வொரு மேயிலும் கனோ எடுக்கிறார். கரையிலேயே ஜக்கெட்டை மாட்டி, கொக்கி பூட்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் கால் வைக்கிறார். ஆளுக்கொரு ஜக்கெட் வள்ளத்தில் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். இருந்தால் போதாது, போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு மாட்டிவிடுகிற பெரியவர்களே, உங்களுடையதையும் சேர்த்து மாட்டுங்கள்.