சாமி சிலை செதுக்கும் பட்டறையில் ஒரு பிஸ்டல் பஞ்சாயத்து! தம்மம்பட்டி அப்பா - மகள் கதை

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே, சுவேத நதி ஓடும் ஊர் தம்மம்பட்டி. சேலம் மாவட்டத்தின் இந்தப் பேரூராட்சியை வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயங்களால் தெரியும். ஒன்று ஜல்லிக்கட்டு, இன்னொன்று மரச்சிற்பம். தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. தசாவதாரம், யாளி, பிள்ளையார், வேலைப்பாடு கொண்ட கதவு என்று உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும் தெருக்கள் இங்கே உண்டு.

அப்படி ஒரு பட்டறையில் கொஞ்ச நாளாக நடந்த பேச்சு சிலையைப் பற்றியது அல்ல. `எந்த பிஸ்டல் வாங்குவது?' என்பதுதான் அங்கே பஞ்சாயத்து.

பதற வேண்டாம். பட்டறைக்காரரின் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவள் விளையாடுவது 10 மீட்டர் ஏர் பிஸ்டல். 2024 ஜூலை 28 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 221.7 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றாரே, அதே போட்டி. துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் என்று டி.வி-யில் சொன்னதைக் கேட்டுத்தான் இவளுக்கு ஆசை வந்தது. இரண்டே நாளில் சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து கலப்பு அணியில் மனு இன்னொரு வெண்கலம் வாங்கினார். மகளும் விடவில்லை. `ஒரு மாசம் போய்ப் பார்க்கட்டும்' என்று அப்பா அனுப்பிவைத்தார். சனி, ஞாயிறுகளில் ஆத்தூர் வழியாக சேலத்துக்கு பஸ். ஒரு மாசம் ஒரு வருஷமானது.

ஏர் பிஸ்டலில் சுடவேண்டிய `10' வளையத்தின் விட்டம் 11.5 மில்லி மீட்டர். ஏறக்குறைய ஒரு சட்டை பட்டன் அளவு. பத்து மீட்டர் தூரத்தில் இருக்கும் அந்த பட்டனை, ஒரே கையால் பிஸ்டலைத் தூக்கிப் பிடித்துச் சுட வேண்டும். இன்னொரு கை உதவிக்கு வரக் கூடாது. 75 நிமிடங்களில் 60 குண்டுகள். பிஸ்டலின் முன்குறியும் பின்குறியும் ஒரு மில்லி மீட்டர் விலகினாலே, பலகையில் குண்டு மூன்று சென்டி மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ளிப் போய் விழும். பத்து ஏழாகிவிடும்.

சீட்டுப் பணம் யாருக்கு?

சிக்கல் கிளப் பிஸ்டலில் தொடங்கியது. ஒரே பிஸ்டலை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிச் சுடுவார்கள். ஒருவர் திருகிவைத்த குறியை அடுத்தவர் மறுபடி திருக வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை, அதன் பிடி பெரியவர் கைக்கானது. இவள் கையோ சின்னது. விசைக்கு விரல் எட்டுவதற்காக உள்ளங்கையைச் சுற்றித் திருப்பிப் பிடிப்பாள். கட்டை விரலின் அடியில் காய்ப்பு ஏறிவிட்டது.

அந்தக் காய்ப்பை முதலில் பார்த்தவர் அப்பா. நாற்பது வருஷமாக உளி பிடிப்பவர். "உளி பிடிச்சா காய்ப்பு வர்ற இடம் வேற பாப்பா. இது தப்பான இடத்துல வந்திருக்கு. கருவிதான் உன் கைக்கு வரணும், கை கருவிக்குப் போகக் கூடாது" என்றார்.

சொந்த பிஸ்டல் என்ற பேச்சு அன்று ஆரம்பித்தது. விலையைக் கேட்டதும் அப்படியே நின்றது. போட்டிகளில் பயன்படும் ஸ்டெயர், மொரினி, பார்தினி, வால்தர், ஃபெயின்வெர்க்பாவ் எல்லாமே வெளிநாட்டுச் சரக்கு. ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஜெர்மனியிலிருந்து வரவேண்டும். புதிது வாங்க ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் எடுத்துவைக்க வேண்டும். வீட்டில் இருந்த பணம், பட்டறைக்குத் தகரக் கொட்டகை போடுவதற்காகக் கட்டிவந்த சீட்டுப் பணம். மழை பெய்தால் பாதி செதுக்கிய மரம் நனையாமல் இருக்கவேண்டுமே என்று சேர்த்தது.

அம்மா எதிர்ப்புச் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏங்க, ரெண்டு வருஷத்துல இவளுக்கு சலிச்சுப்போச்சுன்னா?" அதற்கு அப்பாவிடமும் பதில் இல்லை, மகளிடமும் பதில் இல்லை.

மாமா மகன் காட்டிய வீடியோ

இதற்கிடையில் கோயம்புத்தூரில் படிக்கும் மாமா மகன் லீவுக்கு வந்தான். "இதெல்லாம் ஒரு துப்பாக்கியா? இங்க பாரு" என்று போனில் ஒரு வீடியோ போட்டான். அமெரிக்காவில் நடக்கும் `மல்டி கன்' போட்டி. இடுப்பு உறையிலிருந்து பிஸ்டலை உருவி, ஓடிக்கொண்டே இரும்புத் தட்டுகளைச் சுட்டு விழுத்துகிறார்கள். அடுத்து ரைஃபிள், அதற்கடுத்து ஷாட்கன். மூன்று துப்பாக்கி, ஒரே களம். நேரமும் குறியும் சேர்ந்தால்தான் மதிப்பெண்.

"அவங்க வெச்சிருக்கற மாதிரி வாங்கினா என்ன?" என்று அவன் கேட்டதும், அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

மகள் சிரித்துவிட்டாள். "அது வேற விளையாட்டு மாமா. அங்க பிஸ்டல்னா வேகமா உருவ வரணும், நிறைய குண்டு கொள்ளணும், மண்ணுல விழுந்தாலும் சிக்காம சுடணும். எனக்கு ஒரு தடவைக்கு ஒரே குண்டு போதும். ஆனா விசை பஞ்சு மாதிரி இருக்கணும்."

அவள் சொன்னது சரிதான். மல்டி கன் களத்தில் பெரும்பாலும் பயன்படுவது 9 மி.மீ. பிஸ்டல். இந்தியாவில் அது தடை செய்யப்பட்ட ரகம். சாதாரணக் குடிமகன் உரிமம் வாங்கிக்கூட வைத்துக்கொள்ள முடியாது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையையும் 2019-ம் ஆண்டு ஆயுதச் சட்டத் திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. விளையாட்டு வீரர்களுக்குத் தனி விலக்கு உண்டு. அதனால் நம் ஊரில் துப்பாக்கி சுடுதலுக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டலில்தான் தொடங்குகிறார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் பேர் வாங்கியது ஏர் ரைஃபிளில். ஷாட்கன் என்றால் பாரிஸ் வரை போன புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் இருக்கிறார்.

4.5 மி.மீ. அளவுக்கும் 20 ஜூல் சக்திக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டிக்கான ஏர் பிஸ்டல் இதற்குள்தான் வரும். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்து வாங்கலாம். `லைசென்ஸ் வேண்டாம்' என்பதற்கு `பொம்மை' என்று அர்த்தமில்லை. வீட்டில் பூட்டிவைக்க ஓர் இடம் பார்த்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும் என்று பயிற்சியாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

டோக்கியோ சொன்ன பாடம்

அடுத்த கேள்வி, விசை. இதில் இரண்டு வகை. ஒன்று ஸ்பிரிங், நெம்புகோல் என்று இயங்கும் மெக்கானிக்கல் விசை. இன்னொன்று பேட்டரியில் ஓடும் எலெக்ட்ரானிக் விசை. எதுவானாலும் ஏர் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது சர்வதேச விதி. போட்டிக்கு முன் பிஸ்டலின் விசையில் 500 கிராம் எடைக்கல்லை மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். கல் மேலே வந்தால் பாஸ். அதற்குள் விசை விடுபட்டால், சரிசெய்துகொண்டு வா என்று திருப்பி அனுப்புவார்கள்.

எலெக்ட்ரானிக் விசை பட்டு மாதிரி இருக்கும் என்பார்கள் சுடுபவர்கள். மகளுக்கும் அதன்மேல் ஒரு கண். ஆனால், 2021 ஜூலை 25 அன்று டோக்கியோவில் நடந்தது அவளுக்குத் தெரியும். தகுதிச் சுற்றின் நடுவில் மனு பாக்கரின் பிஸ்டல் மக்கர் செய்தது. எலெக்ட்ரானிக் விசையில் கோளாறு. சரிசெய்ய வெளியே போய், திரும்பி வருவதற்குள் கடிகாரம் ஓடிவிட்டது. மிச்சமிருந்த நேரத்தில் அவசர அவசரமாகச் சுட்டு 575 எடுத்தார். 12-வது இடம். இறுதிச் சுற்றுக்குப் போக 577 வேண்டியிருந்தது. இரண்டே புள்ளி!

"அவங்களுக்குப் பக்கத்துலயே கோச் இருந்தாங்க. எனக்கு ரிப்பேர்னா, ஆளைத் தேடி எந்த ஊருக்கு ஓடறது?" என்று மகளே முடிவு செய்தாள். மெக்கானிக்கல் விசைதான். எலெக்ட்ரானிக் மட்டம் என்பதால் அல்ல; உலகம் முழுக்க அதில் சுட்டு ஜெயிக்கிறார்கள். தம்மம்பட்டியில் இருந்துகொண்டு பராமரிக்க எது தோதுப்படும் என்பதுதான் கணக்கு.

பழசு வாங்கலாமா?

புதிதுக்குப் பணம் இழுக்கும். அப்போதுதான், மேல்படிப்புக்குப் போய் விளையாட்டை விட்ட ஓர் அக்காவின் பிஸ்டல் விலைக்கு வந்தது. புதிய விலையில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். அப்பா மகளுடன் சேலம் போனார். பளபளப்பைப் பார்த்து உடனே பணத்தை எடுக்கப் போனவரை மகள் தடுத்து, பிஸ்டலின் அடியில் இருந்த சிலிண்டரைத் திருப்பிக் காட்டச் சொன்னாள்.

பழைய ஏர் பிஸ்டல் வாங்கும் எல்லோரும் கவனிக்க வேண்டிய இடம் இது. குண்டைத் தள்ளும் காற்று, சுமார் 200 பார் அழுத்தத்தில் அந்தச் சிலிண்டரில்தான் அடைத்திருக்கும். அதன்மேல் தயாரித்த தேதி பொறித்திருப்பார்கள். பொதுவாகப் பத்து வருஷம்தான் ஆயுள். தேதி தாண்டினால் போட்டியில் அனுமதி இல்லை, ஆபத்தும்கூட. அந்த பிஸ்டலின் சிலிண்டருக்கு இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி. புது சிலிண்டர் தனிச் செலவு. அதைச் சொல்லி விலையைக் குறைத்தார்கள். காற்று கசிகிறதா என்று தெரிய, நிரப்பி ஒரு ராத்திரி வைத்து மறுநாள் அளவு பார்த்தார்கள். ஒரே புள்ளியை வைத்துப் பத்து குண்டு சுட்டு, துளைகள் ஒன்றாக விழுகின்றனவா என்றும் பார்த்தார்கள். விழுந்தன.

சீட்டுப் பணத்தில் பாதிக்கு மேல் போனது. மிச்சத்தில் பட்டறையின் ஒரு பக்கம் மட்டும் தகரம் ஏறியது. இந்த மழைக்கு மரங்களை அந்தப் பக்கமாக அடுக்கிக்கொள்ளலாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

உளிக்கு வந்த வேலை

பிடி மட்டும் இன்னும் பொருந்தவில்லை. முன்பு வைத்திருந்தவருக்கு ஏற்ற அளவு அது. வால்நட் மரம். அப்பா அதைக் கழற்றி, மூக்கருகே வைத்து மோந்து, நகத்தால் கீறிப் பார்த்தார். தூங்குமூஞ்சி மரத்திலும் வாகையிலும் பழகிய கை. "நல்ல மரம். அரத்துக்கு அடங்கும்" என்றார்.

சிலை செதுக்குவது கண்ணுக்காக. இது கைக்காக. மகளின் உள்ளங்கையில் நீலப் பொடி தடவி, பிடியைப் பிடிக்கச் சொன்னார். பொடி ஒட்டிய இடம் அழுத்துகிற இடம். ஒட்டாத இடம் காலி. அழுத்தும் இடத்தை அரத்தால் தேய்த்தார். காலி இடத்தை மரத்தூளும் பசையும் குழைத்து நிரப்பினார். காய்ந்ததும் உப்புத்தாள். மறுபடி பொடி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு யோசனை வந்தது. உள்ளங்கை தாங்கும் பலகையை மேலே வளைத்து, மணிக்கட்டுக்கும் ஒரு தாங்கல் கொடுத்துவிட்டால் கை ஆடாதே! அழகாக வரைந்தும் காட்டினார். மகள் பதறிவிட்டாள். "ப்பா, வேண்டாம்! பிடி கையைச் சுத்தி வரக் கூடாது, மணிக்கட்டு சும்மா இருக்கணும். அந்தப் பலகை மேல் பக்கமா வளையவே கூடாது. உள்ளேயே விட மாட்டாங்க." முழு பிஸ்டலும் 1,500 கிராமுக்குள் இருக்க வேண்டும், 42 சென்டி மீட்டர் நீளம், 20 சென்டி மீட்டர் உயரம், 5 சென்டி மீட்டர் அகலம் உள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்ற விதியையும் சொன்னாள். சாமி சிலைக்கு அளவு பார்த்தே பழகியவருக்கு அது உடனே புரிந்தது. "அப்போ இதுக்கும் ஒரு சாஸ்திரம் இருக்கு" என்று பென்சில் கோட்டை அழித்தார்.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஏழாவது வாரம், கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலைத் தூக்கி, கண்ணைத் திறந்து பார்த்தாள். முன்குறி, பின்குறியின் பள்ளத்துக்கு நடுவே தானாக வந்து நின்றிருந்தது. பிடி பொருந்தியதா என்பதற்கு அவர்கள் வைத்துக்கொள்ளும் சோதனை அதுதான்.

ஆனால், புது பிடியோடு போன முதல் போட்டியில் 600-க்கு 538. கிளப் பிஸ்டலில் அவள் எடுத்ததைவிட நான்கு குறைவு. பஸ்ஸில் வரும்போது மகள் பேசவே இல்லை. பிடியை இன்னும் கொஞ்சம் தேய்க்கட்டுமா என்று அப்பா கேட்டார். பயிற்சியாளர் போனிலேயே தடுத்துவிட்டார். "ஆயிரம் குண்டு சுடற வரைக்கும் அரத்தை எடுக்கக் கூடாது. கை பழசை மறக்கணும்."

இப்போது தினமும் காலையில் ஸ்கூலுக்குப் போகும் முன், குண்டு போடாமல், வெள்ளைச் சுவரைப் பார்த்து அரை மணி நேரம் பிஸ்டலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறாள். காய்ப்பு மெல்ல உதிர்கிறது. ரெண்டு வருஷம் கழித்து என்ன ஆகும் என்று அம்மா மறுபடி கேட்கவில்லை. பால் கணக்கு எழுதும் நோட்டில், எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கணக்கு தொடங்கியிருக்கிறார். `பெல்லட் டப்பா 1 - 500 குண்டு' என்று எழுதி, சுடச் சுட அவரே கழித்துக்கொண்டு வருகிறார். ஆயிரத்துக்கு இன்னும் முந்நூற்று நாற்பது பாக்கி.