காற்றுக்கு நேராகக் கிடக்கும் பாதை

ஏப்ரல் 22

உயர்தர வகுப்பில் இன்று காவிப் பிரிப்பு, அதாவது திசையன்களைக் கூறுகளாகப் பிரிக்கும் பாடம். பாடநூல் உதாரணத்தை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலைய ஓடுபாதையைக் கரும்பலகையில் வரைந்தேன். ஒரு முனைக்கு இலக்கம் 05, மறுமுனைக்கு 23. வடக்கிலிருந்து அளந்தால் ஏறத்தாழ 50 பாகை, 230 பாகை என்று அர்த்தம். பாதை வடகிழக்குக்கும் தென்மேற்குக்குமாகக் கிடக்கிறது. 20 நொட் காற்று பாதைக்கு 30 பாகை சரிவாக வீசினால் பக்கவாட்டில் தள்ளும் கூறு 10 நொட். 60 பாகையானால் 17.

மயிலிட்டிப் பெடியன் ஒருவன் எழும்பிச் சொன்னான்: “கச்சான் அடிச்சா வள்ளத்தைக் கரைக்கு நேராப் பிடிக்கேலாது சேர். அணியத்தைக் காத்துப் பக்கம் திருப்பிப் பிடிச்சாத்தான் துறைக்கு வரலாம்.”

விமானியும் இதைத்தான் செய்கிறார். ஆனால் வள்ளத்துக்குச் சில்லு இல்லை.

ஏப்ரல் 23

விபத்து அந்தச் சில்லில்தான் தொடங்குகிறது. கோணலாக வரும் விமானம் அப்படியே தரையைத் தொட்டால், சில்லுகள் ஒரு திசையைப் பார்த்திருக்க, உடல் வேறு திசையில் ஓடும். சில்லைத் தாங்கும் கால் முறியலாம். இறக்கை நுனி நிலத்தில் உரசலாம். விமானம் பாதையை விட்டே விலகலாம். அதனால் தரை தொடுவதற்குச் சற்று முன் விமானி சுக்கானை மிதித்து மூக்கைப் பாதைக்கு நேராக்குகிறார். கூடவே காற்று வரும் பக்கத்து இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்துகிறார். அந்தப் பக்கச் சில்லுதான் முதலில் பட வேண்டும். பட்ட பிறகும் வேலை முடிவதில்லை. சிறு விமானத்தின் வாலைக் காற்றுத் தள்ளிச் சுழற்றிவிடக்கூடும். வேகம் அடங்கும்வரை கைதளரக் கூடாது.

சிறியதற்குத்தான் ஆபத்துக் கூட. 60 நொட் வேகத்தில் இறங்கவரும் செஸ்னா 172, 15 நொட் பக்கக்காற்றுக்கு 14 பாகை திரும்ப வேண்டும். 110 நொட்டில் வரும் ஏ.ரி.ஆர் பயணிகள் விமானத்துக்கு 8 பாகை போதும். செஸ்னாவின் கைநூலும் 15 நொட் வரைதான் இறக்கிக் காட்டியதாகச் சொல்கிறது.

யூலை 9

சோளகம் புழுதியை வாரி இறைக்கிறது. இவ்வளவு காற்றிலும் பலாலிக்கு நல்ல காலம் இது. சோளகம் தென்மேற்கிலிருந்து வருகிறது, 23ஆம் முனையின் நேர்முகம். எதிர்க்காற்று தரைவேகத்தைக் குறைக்கும். ஓட வேண்டிய தூரமும் குறையும். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து வந்தால் 05 கைகொடுக்கும். இரண்டாம் உலகப்போரில் இந்தப் பாதையைப் போட்ட பிரித்தானிய விமானப்படையினர் பருவக்காற்றைப் பார்த்தே போட்டிருக்க வேண்டும். கவலை கச்சானும் கொண்டலும்தான். மேற்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ 20 நொட் வீசினால், பக்கவாட்டில் 13 நொட் வந்துவிடும்.

ஒக்டோபர் 17

2019இல் இதே நாளில்தான் பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அலையன்ஸ் எயாரின் ஏ.ரி.ஆர் வந்து இறங்கியது.

இன்று ஜேர்மனியின் ஹம்பேர்க் விமான நிலையத்தில் நடந்த ஒரு சம்பவத்தை மாணவர்களுக்குச் சொன்னேன். 2008 மார்ச் 1, புயல் நாள். லுப்தான்சாவின் எயார்பஸ் 320 ஒன்று பலத்த பக்கக்காற்றில் இறங்கப் போய் இடது இறக்கை நுனி தரையில் உரசியது. விமானிகள் உடனே மேலெழுந்தார்கள். ஒருவருக்கும் காயமில்லை. அவர்கள் முதலில் இறங்க முயன்ற பாதையின் இலக்கமும் 23தான். ஹம்பேர்க்கில் காற்றுக்கு இன்னும் ஏற்றதாக 33 என்ற குறுக்குப் பாதை இருந்தது. இரண்டாம் முறை அதில் இறங்கினார்கள். பலாலியில் குறுக்குப் பாதை கிடையாது.

டிசம்பர் 10

1947இல் இதே நாளில்தான் எயார் சிலோன் விமான நிறுவனத்தின் முதல் பயணம். ‘சீதா தேவி’ என்ற டக்கோட்டா இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (பலாலி) வழியாகச் சென்னைக்குப் பறந்தது. டக்கோட்டா வாற்சில்லு விமானம். அதன் திணிவு மையம் பிரதான சில்லுகளுக்குப் பின்னால் இருப்பதால், தரையில் சற்று விலகினாலும் அந்த விலகல் தானாக வளரும். அப்படிப்பட்ட விமானத்தைப் பக்கக்காற்றில் இறக்கியவர்களின் கைப்பக்குவத்தை நினைத்தால் மரியாதை பெருகுகிறது.

ஆனால் கைப்பக்குவத்தை மட்டும் நம்பி ஒரு விமானநிலையம் நடக்கக் கூடாது. ஒரே பாதையுள்ள ஊரில், காற்று ஒத்துவராதபோது விமானி எடுக்கக்கூடிய மிக நல்ல முடிவு இறங்காமல் விடுவது. மேலெழுந்து சுற்றி வரலாம். இரத்மலானைக்கோ திருச்சிக்கோ போகலாம். அதற்கு வேண்டிய எரிபொருள் தாங்கியில் இருக்க வேண்டும். “ஏன் இறக்கவில்லை” என்று கேட்காத நிறுவனமும் வேண்டும். செத்தவீட்டுக்கோ கலியாணத்துக்கோ அவசரமாக வரும் எங்கள் சனம் விமானம் திரும்பிப் போனால் கோபப்படுவது எனக்கு விளங்குகிறது. இருந்தாலும் அந்த விமானிக்கு நாங்கள் சொல்ல வேண்டியது நன்றி. இதைத்தான் அடுத்த தவணையில் காவிப் பாடத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.