வற்றும் ஆற்றை வரைதல்

தேசப்படத்திலே நாம் காணும் கோடுகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. முறிவின்றித் தொடர்ந்து செல்லும் கோடு ஒன்றை அறுதியிட்டுக் கூறுகின்றது. இடையிடையே விடுபட்டுச் செல்லும் கோடோ அதனையே ஒரு நிபந்தனையோடு கூறுகின்றது. ஒற்றையடிப் பாதை, மாரியில் மட்டும் நீரோடும் அருவி, நிருவாக எல்லை, கட்டி முடியாத வீதி ஆகியன இவ்வாறு குறிக்கப்படுவது பெருவழக்கு. இத்தகைய கோட்டினை இக்கட்டுரையில் முறிகோடு என அழைப்போம். படந்திருத்தும் மென்பொருளொன்றைக் கொண்டு, வளைந்து செல்லும் பாதையின்மீது முறிகோட்டை வரைவது எவ்வாறு என்னும் வினா, முதல் நோக்கில் வெறும் கைப்பழக்கம் சார்ந்ததாகவே தோன்றும். கலைப்பீட மாணவர் எழுதும் கட்டுரைக்கு இதுவும் ஒரு பொருளா என நண்பர் சிலர் நகைத்ததும் உண்டு. ஆயினும், அந்த வினாவைப் பின்தொடர்ந்து சென்றபோது, அது என்னை மென்பொருளுக்குள் மட்டும் நிறுத்தவில்லை. எங்கள் ஊர் வயல்வெளிக்கும் கொண்டுசென்று விட்டது.

புவியியலைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் நான், ஆய்வுக்கட்டுரைக்குரிய பொருளாக யாழ்ப்பாணக் குடாநாட்டின் வழுக்கையாற்றைத் தெரிந்துகொண்டேன். தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய் முதலிய ஊர்ப்பகுதிகளைக் கடந்து, அராலியிலே கடனீரேரியோடு கலக்கும் சிற்றாறு அது. மகாவலியைக் கண்டு பழகியவர்கள் அதனை ஆறு என்று ஒப்புக்கொள்ளத் தயங்குவர். வடகீழ்ப் பருவமழை பொழியும் மாதங்களிலே அது வயல்களின் மிகைநீரையும் குளங்களின் கலிங்குநீரையும் ஏந்திச் செல்லும். கோடையிலோ புல் முளைத்த பள்ளமாகக் கிடக்கும், மாடுகள் மேயும், சிறுவர் பந்தடிப்பர். சுண்ணக்கல்லின் மேல் அமைந்து, நிலத்தடி நீரையே பெரிதும் நம்பியிருக்கும் ஒரு குடாநாட்டிலே மழைநீர் எவ்வழியே ஓடுகின்றது, எங்கே தங்குகின்றது என்பது அற்பமான செய்தியன்று. ஆகவே அந்த ஆற்றையும் அதனோடு சேரும் வாய்க்கால்களையும் படமாக்குவது என் ஆய்வின் முதற்பணியாயிற்று. பருவகால நீரோட்டத்தை முறிகோட்டாற் குறிப்பதே மரபு.

முன்னைய மாணவர்கள் இப்பணியை ஊடுகாட்டுந் தாளிலே மைப்பேனாவாற் செய்தனர். முறியின் நீளத்தையும் இடைவெளியின் நீளத்தையும் கண்ணே அளந்தது. வளைவு வந்தபோது கை தானாகவே திரும்பியது. கணினிக்கு அத்தகைய கண்ணும் இல்லை, கையும் இல்லை. அதற்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாக வேண்டும்.

நான் பயன்படுத்தியது கிம்ப் என்னும் மென்பொருள். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்திலே மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பல், பீற்றர் மற்றிஸ் என்னும் இருவர் 1995 அளவில் ஆக்கத் தொடங்கி 1996இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அது. விலை கொடுக்க வேண்டியதில்லை என்பதே எம்போன்றோருக்கு அதன் முதற்சிறப்பு. அதிலே முதலிற் பாதையொன்றை அமைத்து, பின் அப்பாதையின் வழியே கோட்டை இழுக்கலாம். இதற்கு இரு வழிகள் உள. முதலாவது வழியில், முறியின் நீளமும் இடைவெளியும் அடங்கிய ஓர் ஒழுங்கைத் தெரிந்து, கோட்டை நேரே இழுத்தல். மற்றையது, தூரிகையொன்றைப் பாதை வழியே செலுத்துதல். தூரிகையின் அடுத்தடுத்த பதிவுகளுக்கிடையே உள்ள தூரத்தைக் கூட்டினால் அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே விழும். ஆனால், தூரிகையின் கோணத்தைப் பாதையின் திசையோடு பிணைக்காவிடில், பதிவுகள் யாவும் ஒரே பக்கம் நோக்கியே நிற்கும். ஆறு கிழக்கிருந்து மேற்கே செல்லுமிடத்தில் அவை முறிகோடாகத் தோன்றும். தெற்கே திரும்பியதும் ஏணிப்படிகள்போல் அடுக்கப்பட்டுவிடும். பிணைத்துவிட்டால் ஒவ்வொரு பதிவும் வளைவோடு சேர்ந்து திரும்பும். போட்டோஷொப் மென்பொருளிலும் நெடுங்காலம் இவ்வுத்தியே கையாளப்பட்டது. வடிவங்களின் ஓரத்துக்கு முறிகோட்டை நேரடியாக அமைக்கும் வசதி அதன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் சேர்ந்தது.

வளைவிலே ஏன் இத்தனை தொல்லை என்று நோக்குவோம். இம்மென்பொருள்கள் வரையும் வளைகோடுகள் பிரான்சிய மோட்டார் வாகனத் தொழிலிலிருந்து வந்தவை. றெனோ நிறுவனத்துப் பொறியியலாளர் பியர் பெசியே 1960களில் அவற்றைப் பரப்பியமையால் அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன. சித்ரோவென் நிறுவனத்துப் போல் த காஸ்தெல்ஜோ 1959இலேயே இதே முறையைக் கண்டிருந்தார். நிறுவனம் அதனை இரகசியமாக வைத்திருந்தமையால் பெயர் மற்றவருக்குப் போயிற்று. இவ்வகைக் கோட்டில் ஒரு புள்ளியின் இடத்தைக் குறிப்பது சுழியத்திலிருந்து ஒன்றுவரை செல்லும் ஓர் எண். அவ்வெண்ணைச் சம பங்குகளாக வகுத்தால், கோடு சம நீளத் துண்டுகளாக வகுபடுவதில்லை. ஓரிடத்தில் துண்டுகள் நெருங்கியும் இன்னோரிடத்தில் நீண்டும் விழும். வளைகோட்டின் உண்மையான நீளத்தைத் தரும் எளிய சூத்திரமும் பொதுவாக இல்லை. ஆகவே மென்பொருள் அதனை மிகச்சிறிய நேர்துண்டுகளாக நறுக்கி, அவற்றின் நீளங்களைக் கூட்டிக்கொண்டே சென்று, எங்கே முறி முடிகின்றது, எங்கே அடுத்தது தொடங்குகின்றது எனத் தீர்மானிக்கின்றது. நாம் நூலைக் கோட்டின்மேல் வளைத்து வைத்து அளப்பதை ஒத்ததே இது.

கணக்கு இத்துடன் முடிவதில்லை. என் படத்தில் ஒரு கிளை வாய்க்காலின் நீளம் 347 பிக்சல். முறிக்கு 12, இடைவெளிக்கு 6 என வைத்தால், கடைசியில் அரைகுறைத் துண்டொன்று எஞ்சும். இரு முனையிலும் முழு முறியே அமைய வேண்டுமாயின், இருபது முறிகளுக்கும் பத்தொன்பது இடைவெளிகளுக்கும் 354 பிக்சல் தேவை. எனவே முறியை 11.76 ஆகவும் இடைவெளியை 5.88 ஆகவும் சற்றே குறைத்தால் யாவும் பொருந்திவிடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. முறிகளின் முனை வட்டமாக இருப்பின், ஒவ்வொரு முனையும் கோட்டுத் தடிப்பின் அரைப்பங்கு வெளியே நீளும். அதனால் இடைவெளி ஒரு முழுத் தடிப்பளவு சுருங்கும் என்பதையும் கருதவேண்டும். இவற்றினும் முக்கியமானது, திருப்பத்திலும் சந்தியிலும் இடைவெளி விழாதிருத்தல். சடுதியாகத் திரும்பும் இடத்தில் இடைவெளி விழுந்தால், ஆறு எவ்வாறு திரும்பிற்று என்பதையே படிப்பவர் அறியார். ஆகையால் ஒழுங்கின் தொடக்கத்தைச் சிறிது முன்னோ பின்னோ நகர்த்தி, திருப்பத்தின்மேல் முறியே படியச் செய்தல் வேண்டும்.

இவ்வாறெல்லாம் அமைத்து முடித்த படத்தை எங்கள் அப்புவிடம் காட்டினேன். அறுபது ஆண்டுகளாக அந்த ஆற்றங்கரையிலே வயல் செய்தவர் அவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"ஏன் பிள்ளை, ஆத்தை விட்டு விட்டுக் கீறியிருக்கிறாய்? இந்த இடங்களிலை தண்ணி இல்லையெண்டோ?"

"இல்லை அப்பு, கோடையிலை வத்திப்போம் எண்டு காட்டுறதுக்கு."

"அப்ப எல்லா இடத்திலையும் தானே வத்துது. கீறின இடத்திலை மட்டும் நிண்டு ஓடுதே?"

அவருடைய வினா என்னைச் சிந்திக்க வைத்தது. படத்தின் அளவுத்திட்டம் 1:50,000 எனின், அச்சிலே ஒரு மில்லிமீற்றர் இடைவெளி நிலத்தில் ஐம்பது மீற்றரைக் குறிக்கும். ஆனால் அந்த ஐம்பது மீற்றரில் ஆறு இல்லை என்பதன்று பொருள். இடைவெளி இடத்தைச் சார்ந்ததன்று, காலத்தைச் சார்ந்தது. ஆண்டிலே நீரற்ற மாதங்களைத் தாளின்மேல் நீளமாக மாற்றி வைக்கிறோம். இந்த உடன்படிக்கையை அறிந்தவருக்கே முறிகோடு பேசும்; அறியாதவருக்கு அது பொய்யுரைக்கும்.

அறிந்தவர்களும் விரும்பியபடி பொருள்கொள்ள இடமுண்டு என்பதற்கு உலக அரசியலே சான்று. தென்சீனக் கடலிலே 1947இல் அன்றைய சீனக் குடியரசு பதினொரு முறிகளாலான கோடொன்றைப் படத்தில் இட்டது. 1950களில் மக்கள் சீனம் அவற்றில் இரண்டை நீக்க, ஒன்பது எஞ்சின. 2023இல் வெளியிடப்பட்ட படத்திலோ பத்து முறிகள் காணப்பட்டன. அக்கோடு நாட்டெல்லையா, தீவுகளுக்கு மட்டுமான உரிமையா, வரலாற்று உரிமையா என்ற வாதம் நீண்டது. பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில் 12.07.2016 அன்று தீர்ப்பளித்த நடுவர் மன்றம், அக்கோட்டுக்குள் அடங்கும் வளங்களுக்கு வரலாற்று உரிமை கோரச் சட்ட அடிப்படை இல்லை எனக் கூறிற்று. சீனா அதனை ஏற்கவில்லை. முறிகளுக்கிடையிலுள்ள வெளியிலே மீன்பிடிப்பவனுக்கு அது வெறும் வரைகலைச் சிக்கலன்று.

எங்கள் ஊரிலும் இதன் சிறிய வடிவமொன்று நிகழ்ந்தது. கோடையிலே அளந்து தயாரிக்கப்பட்ட காணிப்படமொன்றில், ஆற்றோடு சேரும் வாய்க்கால் இடம்பெறவில்லை. அங்கே அப்போது நீர் இல்லை. ஆகவே கோடும் இல்லை. பின்னர் அவ்விடத்திலே மதில் எழுந்தது. அடுத்த கார்த்திகையில் வந்த வெள்ளம் மதிலிலே முட்டித் திரும்பி, தாழ்ந்த பக்கத்திலிருந்த குடிசைகளுக்குள் புகுந்தது. பத்து நாளாக நீருள் நின்ற நெற்பயிர் அழுகிற்று. அப்படத்தை வரைந்தவர் யார் என்பது இங்கு எமக்கு வேண்டியதில்லை. வரையாமல் விட்டது என்ன செய்தது என்பதே வேண்டியது.

என் படத்தைப் பற்றிக் கேள்வியுற்ற கமக்காரர் சிலர், அதனைத் தம் முறைப்பாட்டோடு இணைத்துக் கொடுக்க விரும்பினர். ஆனால் ஒரு வேண்டுகோள் விடுத்தனர்: "முழுக்கோடாய்க் கீறித் தாருங்கோ பிள்ளை. விட்டு விட்டுக் கீறினால், அங்கை வாய்க்கால் இல்லையெண்டு அவையள் சொல்லிப் போடுவினம்." அவர்களது அச்சம் நியாயமானதே. மென்பொருளிலே முறிகோட்டை முழுக்கோடாக்குவதற்கு ஒரு கணம் போதும். எனினும் முழுக்கோடு ஆண்டு முழுவதும் நீர் ஓடுகின்றது எனச் சொல்லும். கோடையிலே ஒருவர் வந்து பார்த்து, படம் பொய் என்று கூறினால், மாரியின் உண்மையும் அதனோடு சேர்ந்து பொய்யாகிவிடும். அவர்களோடு ஒரு மாலைப்பொழுது முழுவதும் இதனைப் பேசினோம். இறுதியில் முறிகோட்டையே வைத்துக்கொண்டு, குறிவிளக்கத்தை விரிவாக்கினேன். வாய்க்காலின் தொடர்ச்சி எங்கும் அறுபடவில்லை என்பதும், ஐப்பசி முதல் தை வரை நீரோடும் என்பதும், மூன்று இடங்களில் நாம் அளந்த அகலமும் அங்கே எழுதப்பட்டன. மதில் நிற்கும் இடத்திலே இடைவெளி விழாது, ஒரு முறி முழுமையாகப் படியும்படி ஒழுங்கை நகர்த்தினேன். அனைவரும் நிறைவடைந்தனர் எனச் சொல்வதற்கில்லை. முறைப்பாட்டுக்கு இன்னும் முடிவு கிடைக்கவில்லை.

கருவிகள் எளிதாகிவிட்ட காலம் இது. கோட்டை முறிப்பதற்கும் இணைப்பதற்கும் கைத்திறன் வேண்டியதில்லை. ஆனால் விடப்பட்ட இடத்தின் பொருளைச் சொல்லும் பொறுப்பை எந்த மென்பொருளும் ஏற்றுக்கொள்வதில்லை. அது வரைபவரிடமே உள்ளது. படம் வரையும் எம்மவர், கோட்டுக்குச் செலவிடும் கவனத்தில் ஒரு பங்கையேனும் குறிவிளக்கத்துக்குச் செலவிடல் வேண்டும். வற்றிக் கிடக்கும் பள்ளத்தைப் பார்த்து ஆறு எங்கே என்று கேட்பவர்களுக்கு, அது எந்த மாதத்திலே வரும் என்று சொல்லக்கூடிய படங்களே எங்கள் ஊர்களுக்கு வேண்டியவை.