தினம் ஒரு குவாட்டர்

ஆகஸ்ட் 5, 2024, திங்கள்

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக் கம்பம்மெட்டு ஏறி வந்த ஜீப் காலையிலேயே எங்கள் சுகாதார நிலைய வாசலில் நின்றது. ஓட்டுநர் அண்ணனுக்குத்தான் வலி. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை குத்துகிறதாம். படுக்க முடியவில்லை, முன்னால் குனிந்தே உட்கார்ந்திருந்தார். வாந்தி வேறு. "கேஸ்தான் சிஸ்டர், ஒரு ஊசி போடுங்க" என்றார். டாக்டர் உடனே சலைன் ஏற்றச் சொன்னார். வீடு கம்பத்தில் என்பதால் தேனி க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினோம்.

ஆகஸ்ட் 7, புதன்

தேனியில் பார்த்துச் சொன்னார்கள், கணைய அழற்சிதான். லைப்பேஸ் மூன்று மடங்குக்கும் மேல். பித்தப்பையில் கல் இல்லை. ட்ரைகிளிசரைடும் ஆயிரத்தைத் தொடவில்லை. மிஞ்சுவது குடி. அவர் மனைவி போனில் அழுதார்: "அவர் குடிகாரர் இல்ல சிஸ்டர். சம்பளத்தை அப்படியே கொடுத்துடுவார். ராத்திரி ஒரு குவாட்டர், அவ்வளவுதான். மலையில தின்ன கப்பக்கிழங்குதான் ஒத்துக்கல."

கப்பையின் மேல் இந்தப் பழி பழையது. 1960களில் டாக்டர் கீவர்கீஸ், குடிப்பழக்கமே இல்லாத கேரள இளைஞர்களின் கணையத்தில் கல்லையும், கூடவே சர்க்கரை நோயையும் கண்டு எழுதினார். அப்போது கப்பையைச் சந்தேகித்தார்கள், நிரூபணமாகவில்லை. பரம்பரையில் வரும் மரபணுக் கோளாறுக்கும் அந்த நோயில் பங்குண்டு என்று பின்னால் தெரிந்தது.

ஆகஸ்ட் 8, வியாழன்

கணக்குப் போட்டுப் பார்த்தேன். குவாட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம்: சுத்த ஆல்கஹால் 60 கிராம். ஒரே வேளையில் அவ்வளவு குடிப்பதையே உலக சுகாதார நிறுவனம் மிதமிஞ்சிய குடி என்கிறது. இவர் பல வருடமாகத் தினமும். கூடவே ஒரு கட்டு பீடி. புகை தனியாகவே கணையத்தைக் கெடுக்கும். குடியோடு சேர்ந்தால் இன்னும் வேகம்.

இப்படிக் குடிப்பவர்களில் சிலருக்குத்தான் இந்த நோய் வருகிறது. "அவனுக்கு வரலையே" என்று மற்றவர்கள் பிடித்துக்கொள்வது அதைத்தான். அந்தச் சிலர் யார் என்று வலி வருமுன் காட்டும் சோதனை எதுவும் எங்களிடம் இல்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அட்டப்பாடியின் அகளியில் வேலை செய்யும் தோழியிடம் பேசினேன். அங்கே மதுவிலக்கு இருக்கிறது. ஆனைகட்டி தாண்டினால் தமிழ்நாடு, மதுவிலக்கு இல்லை. அட்டப்பாடியில் தாய்க்குலச் சங்கத்துப் பெண்கள் குடியை எதிர்த்து நின்றதை அவள் சொல்லச் சொல்ல எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஓட்டுநர் அண்ணன் வந்தார், மெலிந்து. "இனி பீர் மட்டும் போதும்ல?" ஸ்ட்ராங் பீர் பெரிய பாட்டிலிலும் 40 கிராம் இருக்கிறது என்றேன். மலம் எண்ணெய்ப் பிசுக்காகப் போனாலோ, எடை இன்னும் குறைந்தாலோ உடனே வரச் சொன்னேன்.

பின்லாந்தின் தம்பெரே நகரில், முதல் முறை வலி வந்தவர்களோடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நர்ஸ் உட்கார்ந்து குடியைப் பற்றிப் பேசியே மறுபடி வருவதைக் குறைத்தார்கள். நான் மாதம் ஒருமுறை கூப்பிடப் போகிறேன். பீடியை விடுவது பற்றி இன்று அவர் வாய் திறக்கவில்லை. செப்டம்பர் 20 என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அன்று அங்கிருந்து தொடங்கலாம்.