வயிற்றுக்குள் ஓட்டு எண்ணிக்கை

போன வருஷம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். ஏழு நாள் ஆன்டிபயாடிக். பல்வலி போய் வயிற்றுப்போக்கு வந்தது. ராத்திரிகளில் பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடந்தே மூன்று கிலோ இளைத்தேன்.

"நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து செத்துப் போச்சு சார். தயிர் சாதம் சாப்பிடுங்க" என்றார் டாக்டர்.

செத்தது எத்தனை, மிச்சம் எத்தனை? எப்படி எண்ணுவார்கள்? கண்ணாடித் தட்டில் வளர்த்து எண்ணுவது பழைய முறை. பாதிக்கு மேல் தட்டில் வளரவே மறுக்கும். இப்போது 16எஸ் என்கிற மரபணுவைப் படித்தே ஆளை அடையாளம் காண்கிறார்கள்.

ஆனால் பெயர்ப்பட்டியல் போதாது. இரண்டு தெருக்கள். தெருவுக்கு நூறு வீடு, பத்துக் கட்சி. முதல் தெருவில் கட்சிக்குப் பத்து வீடு. இரண்டாவதில் ஒரே கட்சிக்கு 91, மற்ற ஒன்பதுக்கும் ஆளுக்கு ஒன்று. இரண்டும் சமமா?

இல்லை என்றார் சிம்ப்ஸன். உலகப்போரில் பிளெட்ச்லி பார்க்கில் எதிரிகளின் ரகசியச் சங்கேதங்களோடு மல்லுக்கட்டியவர். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முறை தொட்டால் ஒரே கட்சி அகப்பட எவ்வளவு வாய்ப்பு என்று 1949-ல் கேட்டார். அதைத் தலைகீழாக்கினால் முதல் தெருவுக்கு 10. இரண்டாவதற்கு 1.2தான்!

இது காகிதக் கணக்கல்ல. 2013-ல் ஆம்ஸ்டர்டாம் டாக்டர்கள், சி.டிஃபிசில் கிருமியால் திரும்பத் திரும்ப அவதிப்பட்டவர்களுக்கு ஆரோக்கியமானவர்களின் மலக் கரைசலைக் குழாய் வழியே செலுத்தினார்கள். (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்க.) 16 பேரில் 15 பேர் குணம், குணமானவர்களில் இருவருக்கு மட்டும் இரண்டாவது டோஸ் தேவைப்பட்டது. வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் 4 பேர்தான். சிகிச்சைக்குப் பின் நோயாளிகளின் சிம்ப்ஸன் எண்ணும் கொடுத்தவர்களின் எண்ணுக்கு அருகே ஏறியிருந்தது.

உங்களுக்கும் 10, எனக்கும் 10 என்றால் சொந்தமாகிவிட மாட்டோம். ஒரு பாக்டீரியாகூடப் பொதுவாக இல்லாமலிருக்கலாம். அதற்கு வேறு கணக்கு. விஸ்கான்சின் காடுகளை ஒப்பிட்ட ப்ரேயும் கர்ட்டிஸும் 1957-ல் எழுதியது. 0 என்றால் அச்சு அசல், 1 என்றால் ஒட்டுமில்லை உறவுமில்லை.

எண் கூடினால் நல்லது என்றும் அவசரப்பட வேண்டாம். நல்ல தயிரில் ஓரிரு இனங்களின் ஆட்சிதான். கண்டவர்களும் குடியேறினால் கொட்டிவிட வேண்டியதுதான்.

மூன்று வாரத்தில் என் வயிறு சரியாயிற்று. பழைய ஆட்கள் திரும்பினார்களா, புது ஆட்களா? சொல்ல முடியாது. மாத்திரைக்கு முன்னால் யாரும் எண்ணவில்லையே. ஒப்பிட இரண்டு கணக்கு வேண்டும், என்னிடம் ஒன்றுகூட இல்லை.

"ஒரு பல்லுக்கு ஏழு நாள் வேணுமா டாக்டர்?" என்று கேட்கவாவது கேட்டிருக்கலாம்.