மோட்டார் வீட்டில் ஒரு முக்கிய அறை

பிரயாணக் கட்டுரை எழுதப் புகுவோர் மலைகளையும் ஏரிகளையும் வர்ணிப்பார்கள்; கோபுரத்தின் உயரத்தை அடிக்கணக்கில் சொல்வார்கள்; எந்த ஊரில் என்ன சாப்பிட்டோம் என்பதையும் மறவாமல் எழுதுவார்கள். சாப்பிட்ட பிறகு என்ன செய்தார்கள் என்பதை மட்டும் ஒருவரும் எழுதுவதில்லை. குழந்தை குட்டிகளோடு நெடுந்தூரம் போய் வந்த குடும்பத்தாருக்கோ அதுவே முதல் கேள்வி. ஆகையால் நியூஸிலாந்தின் தென் தீவைப் பற்றிய இந்தக் கட்டுரையை அந்த அறையிலிருந்தே தொடங்குகிறேன். வாசகர்கள் முகம் சுளிக்கலாகாது.

கிறைஸ்ட்சர்ச் நகரத்திலிருந்து தேகபோ ஏரிக்குச் சுமார் 225 கிலோமீட்டர். அந்தப் பாதையில் போகும் வண்டிகளில் பல, சாமான்ய மோட்டார்கள் அல்ல, மோட்டார் வீடுகள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே அடக்கம். நம் பெரியோர்கள் கட்டுச்சோற்றுடன் யாத்திரை போன கூண்டு வண்டியின் பேரன் என்று சொல்லலாம். பாட்டனிடம் இல்லாத ஒரு வசதி பேரனிடம் உண்டு. ஒரு மூலையில், அலமாரி அளவே உள்ள அறையில், கக்கூஸ் இருக்கிறது.

இது வெறும் சௌகரியம் அல்ல, சட்டத்தின் கட்டளை. பிரயாணிகள் பெருகப் பெருக, ஏரிக்கரைகளிலும் புதர்களிலும் அசுத்தமும் பெருகிற்று. 2011-ம் வருஷத்துச் சட்டம், பொது இடங்களில் வண்டியை நிறுத்தித் தங்குவோருக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2023-ல் வந்த திருத்தம் இன்னும் கண்டிப்பானது. தன் கழிவைத் தானே சுமக்கும் வண்டி என்று அத்தாட்சி பெற வேண்டுமானால், கக்கூஸ் வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். கையில் தூக்கி வைக்கும் பெட்டிக் கக்கூஸ் அத்தாட்சிக்கு உதவாது. ஆனால், கட்டணம் செலுத்தித் தங்கும் முகாம்களில் அதை உபயோகிக்கத் தடையில்லை.

நிலையானதாயினும் பெட்டியாயினும் சூத்திரம் ஒன்றே. மேலே ஆசனம், கீழே மூடிய கழிவுப் பெட்டி, இரண்டுக்கும் நடுவே இழுத்துத் திறக்கும் தகடு. தகட்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் உண்டு. நாற்றம் மேலே வராமல் காப்பது அதுவே. உபயோகித்த பின் சிறிது நீர் விட்டுத் தகட்டை மூடிவிட வேண்டும். கழிவுப் பெட்டியில் முன்கூட்டியே கொஞ்சம் தண்ணீரும் அளவான மருந்துத் திரவமும் ஊற்றி வைப்பார்கள். எளிதில் கரையும் மெல்லிய காகிதம் தவிர வேறெதையும் உள்ளே போடலாகாது.

பராமரிப்பிலும் சில நுட்பங்கள் உண்டு. ரப்பர் வளையத்துக்கு அவ்வப்போது சிலிகோன் எண்ணெய் தடவவேண்டும். வாஸ்லைன் தடவினால் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். வீட்டில் உபயோகிக்கும் வெளுப்பு மருந்தும் அதற்குச் சத்துரு. சமவெளியில் இறுக மூடிய பெட்டிக் கக்கூஸ், 700 மீட்டர் உயரத்திலுள்ள தேகபோவை அடைகையில் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும். அவசரமாகத் திறப்பவர் முகத்தில் அபிஷேகம் நடந்துவிடலாம்! ஆசன மூடியைப் போட்டுக்கொண்டு, தகட்டை மெதுவாகச் சிறிதளவு நகர்த்தி, காற்றை முதலில் வெளியேற்றுவதே விவேகம்.

நிரம்பிய பெட்டியை அப்புறப்படுத்துவதுதான் பரீட்சை. இருவருக்கு அது இரண்டு மூன்று நாளைக்குக் காணும். விளிம்பு வரை நிரம்ப விடுவது அபாயம். அங்கே பல ஊர்களில் கழிவு கொட்டும் நிலையங்கள் அமைத்திருக்கிறார்கள். பெட்டியை எடுத்துச் சென்று, காற்று விடும் பொத்தானை அழுத்தியபடி நிதானமாகச் சாய்த்தால் தெறிக்காது. பிறகு சுத்த நீரால் இரண்டு முறை அலசவேண்டும். அலசும் குழாய் வேறு, குடிநீர்க் குழாய் வேறு. இந்தப் பேதத்தை மறந்தால் வியாதிதான் பலன். மழைநீர்க் கால்வாயில் கொட்டுவது பெரும் குற்றம். பார்மால்டிஹைட் கலந்த மருந்தாயின், வீட்டுக் கழிவுத் தொட்டியிலும் கொட்டலாகாது. அங்கே கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களை அது கொன்றுவிடும்.

அந்த நிலையத்து வரிசை ஒரு வேடிக்கையான காட்சி. சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு கனவான்களும் சீமாட்டிகளும் நிற்பார்கள். யாருக்கும் வெட்கமில்லை, யாருக்காகவும் இதைச் செய்ய வேறொருவர் வருவதுமில்லை. வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டே தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்கள்.

நம் தேசத்தில் இந்தச் சுமையைப் பிறப்பின் பேரால் சிலர் தலையில் ஏற்றி வைத்தோம். மனிதர் கையால் மலம் அள்ளும் வேலையைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டமும் 2013-ல் மற்றொரு சட்டமும் செய்ய வேண்டியிருந்தது. சட்டத்தால் தடுக்கலாம், அருவருப்பு மனத்தில் இருக்கும்வரை அந்த வேலை யார் தலையிலாவது விழுந்துகொண்டுதான் இருக்கும். தன் பெட்டியைத் தானே ஒரு முறை அலசியவருக்கு அந்த அருவருப்பில் பாதி போய்விடுகிறது. அது வெறும் வேலை, பத்து நிமிஷத்து வேலை என்று தெரிந்துவிடுகிறது.

தேகபோ ஏரியின் அதிசய நீலத்துக்குக் காரணம், பனியாறுகள் பாறைகளை அரைத்துக் கலந்த நுண்ணிய கல்மாவு என்பர். அந்த வர்ணம் இயற்கை கொடுத்த வரம். கரையில் மூக்கைப் பொத்தாமல் உட்கார்ந்து அதைப் பார்க்க முடிகிறதே, அது மனிதர் செய்த காரியம். பிள்ளைகளை எந்த ஊருக்கு அழைத்துச் சென்றாலும், மலையைக் காட்டுவதற்கு முன் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுப்பது நல்லது.